படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் பயிற்சியில் சேர்ந்த அன்று ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். வலிப்பு உண்டா, இதயக் கோளாறு உண்டா, தோள்பட்டை எப்போதாவது விலகியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்வி, ‘தொடர்ந்து மருந்து ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?’ பேனா சிறிது நேரம் காகிதத்தின் மேல் நின்றது. பிறகு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று குதிப்புகளின் கட்டணத்தையும் இரண்டரை மாதத்தையும் இழந்தேன். அதைவிடப் பெரிய இழப்பு, அத்தனை நாளும் என்ன தவறு நடக்கிறது என்று யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகத் திண்டாடியது. என்னைப் போலவே ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவுக் கோளாறு உள்ள வேறொருவர் நாளைக்கு அதே படிவத்தின் முன் உட்காரக்கூடும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 31 வயதில்தான் தெரியவந்தது. அதுவரை பொறுப்பில்லாதவன், எதையும் பாதியில் விடுகிறவன் என்ற பெயரோடுதான் வளர்ந்தேன். மூளையைத் தூண்டிக் கவனத்தைக் கூட்டும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தில், நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று விழுங்கினால் 10 முதல் 12 மணி நேரம் தாங்கும் வகை அது. வேலை நாட்களில் மட்டும் எடுத்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் நிறுத்திவைப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். வாரத்தில் இரண்டு நாளாவது நன்றாகப் பசிக்கும், நன்றாகத் தூங்கலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. என்னைப் போன்ற பலருக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஸ்கைடைவிங்கும் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறைத்ததற்குக் காரணம் பயம்தான். சேர்வதற்கு முந்தைய வாரம் இரவெல்லாம் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி.க்கான தூண்டல் வகை மருந்துகளை எடுத்துக்கொண்டு விமானம் ஓட்ட விமானிகளுக்கு அனுமதி கிடையாது என்று ஓரிடத்தில் இருந்தது. ஓட்டுகிறவருக்கே இல்லை என்றால் குதிக்கிறவனை எப்படி விடுவார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இரண்டுக்கும் விதிகள் வேறு வேறு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதே அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து விதிகளில் பாராசூட் குதிப்புக்கான 105ஆம் பகுதி, பாதுகாப்புக்குக் கேடு வரும்படி ஒருவருடைய திறனைப் பாதிக்கும் மருந்தின் பிடியில் குதிக்கக் கூடாது என்று சொல்கிறதே தவிர, மருந்துகளின் பெயர்களை அடுக்கித் தடை போடவில்லை. பல நாடுகளில் உடல்நல உறுதிமொழியும், சந்தேகம் இருந்தால் மருத்துவரின் கடிதமும் கேட்கிறார்கள். ஆகவே உங்கள் நாட்டின் பாராசூட் சங்கம் என்ன கேட்கிறது என்பதை நேராக அங்கேயே படியுங்கள். பொய்யாகக் கையெழுத்திட்டால், ஏதாவது நடந்துவிட்டபின் காப்பீட்டுத் தகராறு வேறு கிளம்பும்.

நான் சேர்ந்தது ஏ.எஃப்.எஃப். (Accelerated Freefall, விரைவு வீழ்ச்சிப் பயிற்சி) முறை. முதல் குதிப்பிலிருந்தே உங்கள் முதுகில் உங்கள் பாராசூட் இருக்கும். இரண்டு பயிற்சியாளர்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு கூடவே குதிப்பார்கள். சுமார் 13,000 அடியில் விமானத்தைவிட்டு வெளியேறினால், மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய முக்கால் நிமிடம் விழலாம். மாணவர்கள் 5,500 அடியில் கைகளை அசைத்து எச்சரித்துவிட்டுப் பாராசூட்டை விரிக்க வேண்டும். விரிந்ததில் கோளாறு என்றால் 2,500 அடிக்குள் முடிவெடுத்து, வலப்பக்கச் சிவப்புப் பிடியை இழுத்துப் பிரதானப் பாராசூட்டைக் கழற்றிவிட்டு, இடப்பக்க வெள்ளிநிறப் பிடியை இழுத்துத் துணைப் பாராசூட்டை விரிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே நாள் தரைவகுப்பில் கற்றுக் கொடுத்தார்கள். அது வெள்ளிக்கிழமை. மாத்திரை எடுத்திருந்த நாள். கூரையிலிருந்து தொங்கும் பட்டைகளில் கட்டிவிட்டு, பாராசூட் கோளாறுகளின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியபோது என் கைகள் தயங்காமல் சரியான பிடிக்குப் போயின. வகுப்பிலேயே நான்தான் வேகம் என்று பாராட்டினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போல் மாத்திரை இல்லை. விமானம் ஏறியதும் முந்தைய நாள் கற்றது ஏதோ கண்ணாடிக்கு அப்பால் இருப்பதைப் போல இருந்தது. எல்லாம் தெரியும், ஆனால் வரிசை கைக்கு வரவில்லை. முதல் குதிப்பில் மூளை திணறிப்போவது யாருக்கும் நேர்வதுதான் என்று பயிற்சியாளர்கள் சொன்னதால் நானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பயிற்சியின் முதல் இரண்டு நிலைகளிலும் எப்படியோ தேறினேன். அன்றே ஒரு விஷயம் எனக்கு உறைத்திருக்க வேண்டும்: மருந்தோடு கற்றதை மருந்தில்லாமல் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிலையில் கற்கிறீர்களோ அதே நிலையில் குதியுங்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் மீதிக் கதை நடந்தே இருக்காது.

அடுத்த வார இறுதியில் மூன்றாம் நிலை. பயிற்சியாளர்கள் முதன்முறையாகக் கையை விடும் நிலை அது. இந்தமுறை மாத்திரை எடுத்துவிடுவது என்று நானாகவே முடிவு செய்து, காலை 5:30க்கு விழுங்கிவிட்டு 7 மணிக்குக் குதிப்புத் தளத்தில் நின்றேன். காற்று அதிகம், மாணவர்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். 9 மணிக்கும் அதே பதில், மதியமும் அதே பதில். இந்த விளையாட்டின் பெரும்பகுதி காத்திருத்தல் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பத்து மணி நேரம் எதுவும் நடக்காது, பிறகு திடீரென்று இருபது நிமிடத்தில் விமானம் என்று அழைப்பு வரும். எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடக் கடினமான ஏற்பாடு வேறில்லை. முதல் மூன்று மணி நேரம் கவனம் கத்தி போல இருந்தது, ஆனால் செய்ய ஒன்றும் இல்லை. பசி எடுக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை. தொண்டை வறண்டதற்குத் தண்ணீர் குடிக்காமல் காபி குடித்தேன், அதுவும் மூன்று முறை. மாலை 5 மணிக்கு மேல் காற்று அடங்கி என் பெயரை அழைத்தபோது மாத்திரையின் வீரியம் இறங்கிவிட்டிருந்தது. அப்படி வீரியம் இறங்கும் நேரத்தில் எனக்கு மருந்தே எடுக்காத நாளைவிட மனம் சிதறும், காரணமில்லாத எரிச்சல் வரும். வீட்டில் இருந்தால் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்துவிடுவேன். அன்று 13,000 அடிக்கு ஏறினேன்.

வெளியேறியது நன்றாகவே இருந்தது. எதிரே தொடுவானத்தில் ஒரு மலைமுகட்டைக் குறியாக வைத்துக்கொண்டு திரும்பாமல் விழ வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பயிற்சியாளர்கள் கையை விட்டார்கள். அந்த முகட்டை நான் பிடித்துக்கொண்டேன், உலகத்தில் வேறு எதுவுமே இல்லாததைப் போல. ஏ.டி.எச்.டி. என்றால் கவனமே இல்லை என்று நினைக்கிறார்கள். ஒன்றில் சிக்கிக்கொண்ட கவனத்தை மீட்க முடியாததும் அதே கோளாறுதான். இடது மணிக்கட்டில் இருந்த உயரமானியை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து பயிற்சியாளர் என் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டினார். ‘இழு’ என்பதற்கான சைகை அது. வகுப்பில் நூறு முறை பார்த்தது. அந்த விரலைப் பார்த்தேன். கையுறையின் நுனித் தையல் பிரிந்திருந்தது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அதன் பொருள் மட்டும் வந்து சேரவில்லை. அடுத்த கணம் என் பாராசூட்டை அவரே விரித்துவிட்டார். மேலே துணி விரிந்து அமைதியானதும்தான் மணிக்கட்டைப் பார்த்தேன், முள் 4,000க்கு அருகே நின்றது. அந்த வேகத்தில் 1,000 அடி கடக்க ஆறு வினாடிகூட ஆகாது. 5,500 அடியிலிருந்து 2,500 அடிக்குச் சுமார் 17 வினாடிதான். முதுகுப்பையில் தானியங்கிக் கருவி ஒன்று இருக்கிறது. யாரும் எதையும் இழுக்காவிட்டாலும் கடைசி நேரத்தில் துணைப் பாராசூட்டை அதுவே விரித்துவிடும். ஆனால் மாணவர்களுக்கான கருவியே ஏறக்குறைய 1,000 அடியில் அல்லது அதற்கும் கீழேதான் வேலை செய்யும். அவர் இல்லாதிருந்தால் அந்தக் கருவி ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை இல்லாமல் அதே நிலையைத் திரும்பச் செய்தேன். அன்று நேர்மாறு: வினாடிக்கு ஒருமுறை உயரமானியைப் பார்த்து, உடல் நிலைகுலைந்து, திசை முழுவதும் திரும்பி, மறுபடியும் தோல்வி. இதோடு இரண்டு குதிப்புகளின் பணம் போயிற்று. பிறகு மூன்று வாரம் மழை. அந்த மூன்று வாரமும் நான் இதற்குத் தகுதியற்றவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் கேட்ட பழைய பெயர்களெல்லாம் காதில் ஒலித்தன. அடுத்த வாய்ப்பு வந்தபோது அறிவுகெட்ட காரியம் ஒன்றைச் செய்தேன். மாலையில் மருந்து இறங்கியதுதான் சிக்கல் என்று ஊகித்து, காலை மாத்திரையோடு மதியம் 2 மணிக்குக் குறுகிய நேர மாத்திரை ஒன்றையும் எடுத்தேன். பழைய மருந்துச்சீட்டில் மிஞ்சியது. மருத்துவரிடம் கேட்கவில்லை. மேலே காபி வேறு. விமானம் 8,000 அடியைத் தாண்டும்போது நாடி காதுக்குள் அடித்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கைகள் நடுங்கின. எதிரே உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்று நாம் குதிக்கவில்லை. விமானத்திலேயே இறங்குகிறோம்” என்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கதவு வழியே மறைந்தார்கள். காலியான விமானத்தில் எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு விமானி திரும்பினார். மூன்றாவது கட்டணமும் அதோடு போயிற்று. அதைவிட வெட்கமான பத்து நிமிடம் என் வாழ்க்கையில் இல்லை. ஆனால் என்னைக் காப்பாற்றியது அந்தப் பத்து நிமிடம்தான்.

கீழே இறங்கியதும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கள் முகட்டில் சிக்கிக்கொள்வீர்கள் என்று தெரிந்திருந்தால் உங்களுக்கு வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன். படிவத்தை மாற்றி எழுதுங்கள். மருத்துவர் கடிதம் வரும்வரை குதிப்பு இல்லை” என்றார். அவ்வளவுதான். இத்தனை நாளும் நான் பயந்தது இந்த மூன்று வாக்கியங்களுக்கு. எல்லாப் பயிற்சியாளர்களும் இவரைப் போல இருப்பார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது. மறுக்கிற தளமும் இருக்கலாம். மறுத்தால் அதைத் தரையிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மருத்துவரிடம் போனபோது குதிப்பின் அட்டவணையை அப்படியே காகிதத்தில் எழுதி எடுத்துப்போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ‘ஸ்கைடைவிங் செய்யலாமா’ என்று மட்டும் கேட்டால், அது என்னவென்று பார்த்திராத மருத்துவர் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார். எத்தனை மணி நேரம் காத்திருப்பு, எந்த உயரம், எவ்வளவு நேரம் விழுவது, நாடித்துடிப்பு எந்த அளவுக்கு ஏறலாம், வெயிலில் எத்தனை மணி நேரம் என்று சொன்னால் அவரால் யோசிக்க முடியும். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார், இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். தூண்டல் மருந்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது, குதிப்பின் பதற்றமும் அதையே செய்யும், காபி மூன்றாவது, தண்ணீர் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம் என்று விளக்கினார். வார இறுதி இடைவெளியை எடுத்துவிட்டு எல்லா நாளும் ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஒரே நேரம் என்று மாற்றினார். புதிய அளவில் சில வாரம் பழகியபின்தான் குதிக்க வேண்டும், பயிற்சியின் நடுவில் மருந்தையோ அளவையோ மாற்றக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. இது என் மருந்துக்கான ஏற்பாடு. அட்டோமோக்செட்டின் போன்ற தூண்டல் அல்லாத மருந்து முழுப் பலன் தரவே வாரக்கணக்கில் ஆகும். குவான்ஃபசின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், தூக்கக் கலக்கத்தையும் தரக்கூடும். அவற்றை எடுப்பவர்களுடைய கேள்விகளே வேறு. என் ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தளத்தில் என் நாள் இப்படி மாறியது. முதலில் சாப்பாடு, பிறகு மாத்திரை, 6:30க்கு. வரிசை மாறினால் அன்று முழுவதும் சாப்பிட மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பசி எடுக்காது என்பதால் கைக்கடிகாரத்தில் மணி அடிக்கும்போது சாப்பிடுவேன், தண்ணீரும் அப்படியே. காபியைக் குதிப்பு நாட்களில் முற்றிலும் விட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியமானது 3:30 என்ற எல்லை. அதற்குமேல் காற்று எவ்வளவு அருமையாக இருந்தாலும் என் பெயரைப் பட்டியலிலிருந்து நானே அடித்துவிடுவேன். நாள் முழுவதும் காத்திருந்துவிட்டு, வானம் தெளியும்போது பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது நெஞ்சு வெடிக்கும் வேலை. ஏழு முறை அப்படிக் கிளம்பியிருக்கிறேன். கடைசி விமானத்தில் ஏறச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவார்கள். காலையிலேயே பட்டியல் எழுதுபவரிடம் என் எல்லையைச் சொல்லி வைத்துவிட்டால், மாலையில் என் மனத்தோடு நான் வாதாட வேண்டியதில்லை.

கற்பிக்கும் முறையையும் பயிற்சியாளர் மாற்றினார். ‘திசையைப் பிடி’ என்ற கட்டளையே எனக்குப் பொறி என்று கண்டுகொண்டு, அதைத் தாளமாக்கிவிட்டார்: தொடுவானம், உயரமானி, இடம், வலம்; மறுபடி தொடுவானம், உயரமானி. தரையில் சக்கரப் பலகை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு இதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். வானத்திலும் வாய்விட்டேதான் சொன்னேன். காற்றின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது, ஆனால் தாடை அசைவது எனக்குத் தெரியும், அதுவே என்னை முகட்டிலிருந்து இழுத்துவந்துவிடும். விமானம் ஏறிய பிறகு புதிதாக எதையும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். கடைசி நேரத்தில் சொல்லும் ஒரு சின்ன அறிவுரை, அதற்கு முன் இருந்த ஐந்தையும் என் தலையிலிருந்து தள்ளிவிடும். தலைக்கவசத்துக்குள் வைத்து, குறித்த உயரம் வந்ததும் ஒலிக்கும் மானியையும் பிறகு சேர்த்துக்கொண்டேன். ஆனால் பேட்டரி தீர்ந்துபோகும், இரைச்சலில் காதில் விழாமலும் போகும். கண்ணால் பார்ப்பதற்கு அது துணை மட்டுமே. மூன்றாம் நிலையில் தேறிய அன்று 5,500 அடியில் என் கை தானாகவே அசைந்தது. பயிற்சியாளரின் விரலுக்கு வேலையே இருக்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மருந்து சரிசெய்யாது: நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடம் மறந்துபோவது. கருவிகளைச் சரிபார்க்க மூன்று மூன்றாக ஒரு கணக்கு சொல்லித் தருவார்கள். தோளருகே இருபுறமும் மூன்று வளையங்கள், உடலோடு கட்டும் மூன்று பட்டைகள், இழுக்க வேண்டிய மூன்று பிடிகள். மாட்டுவதற்கு முன், விமானம் ஏறுவதற்கு முன், வெளியேறுவதற்கு முன் என்று மூன்று வேளை அதைச் செய்ய வேண்டும். நடுவில் ஒருவர் வணக்கம் சொன்னால்கூட முதல் வளையத்திலிருந்து மறுபடி தொடங்குவேன். இந்தப் பிடிவாதம் 19ஆவது குதிப்புக்கு முன்புதான் வந்தது. நானே பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தேன், பாதியில் ஒருவர் தண்ணீர் கேட்டார், எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து மடிப்பைத் தொடர்ந்தேன். பைலட் சூட் என்கிற குட்டிப் பாராசூட்டுக்குள் ஓடும் கயிற்றை ஒவ்வொரு முறையும் இழுத்து நிமிர்த்திவைக்க வேண்டும். விட்டுவிட்டால் அது காற்றைப் பிடிக்காது, வாலைப் போல இழுபட்டுக்கொண்டே வரும், பிரதானப் பாராசூட் வெளியே வராது. கயிறு சரியாக இருந்தால், குட்டிப் பாராசூட்டை இணைக்கும் பட்டையில் உள்ள சின்னத் துளையில் நிறம் தெரியும். மூடுவதற்கு முன் பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண்மணி குனிந்து அந்தத் துளையைத் தொட்டு, “நிறம் எங்கே?” என்றார். துளையில் வெறும் துணிதான் தெரிந்தது. முழுவதையும் பிரித்துத் தரையில் விரித்து, கைகள் நடுங்குவது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்று குதிக்கவில்லை. இப்போது மடிக்கும்போது தலைமேல் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்கிறேன். அது இருக்கும்வரை என்னிடம் பேசாதீர்கள் என்று தளத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

முதல் உரிமத்துக்கு அமெரிக்கச் சங்கம் 25 குதிப்புகள் கேட்கிறது, நான் கற்ற தளத்திலும் அதே கணக்குதான். என்னோடு அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை எட்டியபோது நான் 11இல் இருந்தேன். அது வலிக்கத்தான் செய்தது.

சென்ற மாதம் வேறொரு தளத்துக்கு முதன்முறையாகப் போனேன். அங்கேயும் அதே படிவம், அதே கடைசிக் கேள்வி. மருந்தின் பெயர், அளவு, எடுக்கும் நேரம், என் 3:30 எல்லை எல்லாவற்றையும் எழுதி, மருத்துவரின் கடிதத்தையும் இணைத்துக் கொடுத்தேன். பாதுகாப்புப் பொறுப்பாளர் நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இன்று எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?” என்று கேட்டார். 6:30 என்றேன். அவர் பட்டியலைத் திருப்பி 11 மணி விமானத்தில் என் பெயரை எழுதினார்.